சென்னிமலை சார் அடித்த எழுத்துகள்

ஊஞ்சப்பாளையம் என்று ஓர் ஊர். மழை அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை, அதற்காக ஊர் ஒரு நாளும் வருந்தியதும் இல்லை. தன்னைப் போலவே மழை பெய்யாத ஊர்களுக்கெல்லாம் போர்வெல் வண்டி அனுப்பி, பீகாரில் பூமியைத் துளைத்து, சத்தீஸ்கரில் துளைத்து, யார் யார் வீட்டுக் கொல்லையிலோ தண்ணீரைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு, அந்தச் சம்பாத்தியத்தில் மாடிமேல் மாடி கட்டி, உச்சியில் சிமெண்ட்டில் ஒரு கழுகையும் வைத்துவிட்டு, கீழே டேங்கர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற ஊர் அது. வீடு கட்டி முடித்த கையோடு அடுத்து எதற்கு ஆசைப்படுவது என்று தெரியாமல் ஊர் இங்கிலீஷுக்கு ஆசைப்பட்டது. காது குத்துக்கு இங்கிலீஷில் பேனர், சீருக்கு இங்கிலீஷில் பேனர், செத்தவருக்குக் கண்ணீர் அஞ்சலியும் இங்கிலீஷில், அதுவும் செத்தவரே கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு சிரிக்கிற போட்டோவோடு. எழுதத் தெரிந்தவன் எழுதினான், தெரியாதவன் இன்னும் பெரிய எழுத்தில் எழுதினான்.

அப்படி எழுதுகிற இங்கிலீஷ் எதுவானாலும் சென்னிமலை சார் பார்க்காமல் அச்சுக்குப் போகக் கூடாது என்பது ஊர் வழக்கம். யார் ஏற்படுத்திய வழக்கம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அரசாங்கப் பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற சென்னிமலை சாருக்கு மட்டும் அது தன் பிறப்போடு வந்த உரிமை என்பதில் சந்தேகம் இருந்ததில்லை. கல்யாணப் பத்திரிகையோ, கடை போர்டோ, ஸ்கூல் நோட்டீஸோ, எழுதியதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டு கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். அவர் சாவகாசமாக வருவார், வாங்குவார், சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுப்பார், தப்பான எழுத்தை ஒரே கோட்டில் அடிப்பார், திருப்பிக் கொடுப்பார். சரியானதை எழுதித் தரமாட்டார். போய் யோசித்துக்கொண்டு வா என்பார். யோசித்துக்கொண்டு வந்தவன் வேறொரு தப்போடு வருவான், அதையும் அடிப்பார், அவன் மறுபடி போவான், மறுபடி வருவான், முகூர்த்தம் நெருங்கிக்கொண்டே இருக்கும். இதற்கு அவர் காசு வாங்கியதில்லை. எதிரில் நிற்பவன் முகம் சுண்டிப்போவதைப் பார்ப்பதே அவருக்குப் போதுமான கூலியாக இருந்தது.

அலைய முடியாதவர்கள் சிலர் பக்கத்து டவுனில் திருட்டுத்தனமாக போர்டு எழுதி மாட்டிவிடுவார்கள். அவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. காலையில் நடைப்பயிற்சிக்குப் போகும்போது ஒரு கையில் சிவப்பு பெயிண்ட் டப்பா, மறு கையில் நீளமான மூங்கில், மூங்கில் நுனியில் பிரஷ். லாட்ஜ் போர்டிலும் பேக்கரி போர்டிலும் தேவையில்லாமல் நின்ற எழுத்துகளுக்கெல்லாம் நின்ற இடத்திலேயே தண்டனை கொடுத்துவிட்டு, வேர்க்க வேர்க்க வீட்டுக்கு வந்து மோர் குடிப்பார். எழுத்தோடு விட்டாலும் பரவாயில்லை, அர்த்தத்திலும் கை வைப்பார். லைட்டாகத் தலைவலிக்கிறது என்று ஒருவன் சொன்னால், லைட் என்றால் விளக்கு, அது உன் தலைக்குள் இருப்பதாகத் தெரியவில்லையே என்பார். கடைக்குப் பார்ட்டி வந்திருக்கிறது என்று போனில் சொன்ன ஜவுளிக்கடைக்காரரிடம், அப்படியானால் கேக் எங்கே என்று கேட்டார். சொன்னவன் அசடு வழியும் வரைக்கும் அவனையே பார்த்துக்கொண்டிருப்பார். ஊரும் அசடு வழிந்துகொண்டே அவரை மெச்சியது, ஏனென்றால் நம்மைக் கேவலமாகப் பார்க்கிறவர் நிச்சயம் பெரிய அறிவாளியாகத்தான் இருக்க வேண்டும் என்பது அந்த ஊரின் முடிவு.

ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை, பேக்கரிக்கார மாரப்பன் புது போர்டுக்கு எழுதிக்கொண்டு வந்த தாளில் ஒரு கே அதிகமாக இருந்தது. சார் அடித்தார். அடிபட்ட கே சற்று நேரம் அப்படியே கிடந்தது, பிறகு எழுந்து, மேலே இருந்த சிவப்புக் கோட்டை நனைந்த நாய் உதறுவதுபோல உதறிவிட்டு, தாளின் ஓரத்துக்கு வந்து, மாரப்பனின் கட்டைவிரலைப் பிடித்து மணிக்கட்டுக்கு இறங்கி, முழங்கையிலிருந்து கேட்டுக் கம்பிக்குத் தாவி, தரையில் இறங்கித் தெருவோடு போய்விட்டது. மாரப்பன் தாளைப் பார்த்தார், அந்த இடம் வெறுமையாக இருந்தது. சார் பேனாவை மூடி, மிச்சத்தையும் யோசித்துக்கொண்டு வா என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். தெருவோடு போன எழுத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் விடியும்போது ஊர் முழுக்க எழுத்துகள் இறங்கியிருந்தன. புதிதாக அடிபட்டவை மட்டுமல்ல, அவர் வாத்தியாராகச் சேர்ந்த நாள் முதல் அடித்ததெல்லாம் பரணிலிருந்தும் டிரங்குப் பெட்டியிலிருந்தும் பழைய போர்டுகளிலிருந்தும் இறங்கி வந்திருந்தன. பத்திரிகையில் இருந்து இறங்கியவை கட்டெறும்பு அளவுக்கு இருந்தன, நோட்டீசில் இருந்து வந்தவை கோழிக்குஞ்சு அளவுக்கு, கடை போர்டில் இருந்தவை வெள்ளாட்டு உயரத்துக்கு, ஃப்ளெக்ஸ் பேனரில் இருந்து குதித்தவை கன்றுக்குட்டி உயரத்துக்கு இருந்து, பஸ் ஸ்டாண்டில் வண்டி திரும்ப இடமில்லாமல் செய்தன. நாய்கள் கொஞ்ச நாள் குரைத்தன, பிறகு அவற்றின் நிழலிலேயே படுத்துக்கொண்டன. தாசில்தார் வந்து பார்த்து, இவை கால்நடைக் கணக்கில் வராது, குப்பைக் கணக்கிலும் வராது என்று சொல்லி இளநீர் குடித்துவிட்டுப் போனார். தங்களுக்கு இதில் வேலை இல்லை என்றதும் அதிகாரிகளுக்கு வந்த நிம்மதி மாதிரி எதையும் பார்க்க முடியாது.

ஊஞ்சப்பாளையத்துக்கு எதைப் பார்த்தாலும் கொஞ்ச நாள் வெட்கப்படத்தான் தெரியும், அதற்கு மேல் பெருமைப்பட ஆரம்பித்துவிடும். முதலில் எல்லாரும் தங்கள் வீட்டு வாசலில் வந்து நின்ற எழுத்தை அடுத்த வீட்டு வாசலுக்கு விரட்டினார்கள். எழுத்துகள் போவதாக இல்லை. யார் எழுதியதோ அவர்கள் வீட்டையே சுற்றிச் சுற்றி வந்தன. விரட்டிக் களைத்த பிறகு ஊர் அவற்றை வேலைக்கு வைத்துக்கொண்டது. தண்ணீர்க் குடம் தூக்குகிற பெண்கள் ஓ எழுத்தைச் சும்மாடாக வைத்துக்கொண்டார்கள், முருங்கைக் கிளைக்கு ஒய் முட்டுக் கொடுத்தது, இரண்டு ஹெச்சுகளை எதிரெதிரே நிறுத்திக் கொடி கட்டித் துணி காயப்போட்டார்கள், பெரிய யூ ஒன்றில் பிள்ளையைப் போட்டுத் தாலாட்டினார்கள். ஆடு மேய்க்கிற பெண் ஒருத்தி போர்டு எழுத்துகளையும் ஆட்டோடு சேர்த்துக் கரட்டுமேட்டுக்கு ஓட்டிப் போனாள். அவை எதையும் மேயாமல் மாலையில் ஆட்டை எண்ணிச் சரிபார்க்க மட்டும் உதவின. மெட்ரிகுலேஷன் பள்ளித் தாளாளர் ஒருவர், எழுத்தை ஊறவைத்த தண்ணீரைக் குடித்தால் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வரும் என்று கிளப்பிவிட்டார். படித்த பெற்றோர்கள்தான் முதலில் குடம் கொண்டுவந்தார்கள். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது, இங்கிலீஷ் வரவில்லை, தாளாளருக்குப் புதுக் கட்டடம் வந்தது.

பிறகுதான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. வேலைக்கு வைத்த எழுத்துகளை ஊர் அடையாளம் காணத் தொடங்கியது. இது எங்கள் பெரியவன் கல்யாணத்தில் அடிபட்டது, இது அப்பா கடை வைத்தபோது போர்டில் இருந்தது, இது நான் பத்தாம் வகுப்பில் எழுதிய லீவ் லெட்டரில் இருந்தது, அன்றைக்கு என்னை பெஞ்சு மேல் ஏற்றி விட்டார்கள். பேசப்பேச ஒவ்வொரு வீட்டிலும் பழைய வெட்கம் ஒன்று கிளம்பி வந்தது, கூடவே அது வெட்கப்பட வேண்டிய விஷயமா என்ற கேள்வியும் வந்தது. லாட்ஜ்காரர் தன் எம்மையும், ஸ்டேஷனரி கடைக்காரர் தன் ஏயையும் குளிப்பாட்டித் துடைத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். குடும்ப போட்டோ எடுக்கும்போது எழுத்தையும் இழுத்து நடுவில் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு சென்னிமலை சார் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றவர்கள் அவரைப் பார்த்த பார்வையில் ஒரு மாற்றம் இருந்தது. வழக்கத்தை மட்டும் யாரும் மீறவில்லை. பழக்கத்தை விடுவது, ஆழ்துளைக் கிணறு போடுவதைவிடக் கடினம் அந்த ஊருக்கு.

சார் இதையெல்லாம் ஓர் அசட்டுத் திருவிழா என்று ஒதுக்கினார். தெருவில் நடந்தால் எழுத்துகள் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றன, அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டார். அவர் வீட்டுக்குள்ளேயே ஒன்று இருந்தது அவருக்குத் தெரியாது. கல்யாணமான புதிதில் அவர் மனைவி சம்பூர்ணம் ஆசை ஆசையாகச் சமையலறை டப்பாக்களில் இங்கிலீஷில் பெயர் எழுதி ஒட்டினாள். சர்க்கரை டப்பாவில் ஏ வர வேண்டிய இடத்தில் ஈ எழுதியிருந்தாள். அவர் டப்பாவின் மேலேயே அடித்துவிட்டுக் காப்பி கேட்டார். அன்றிலிருந்து அவள் எந்த டப்பாவிலும் எதுவும் எழுதவில்லை, எல்லாவற்றையும் மூடியைத் திறந்து மோந்து பார்த்துத்தான் எடுப்பாள். அந்த ஈ இப்போது பரணிலிருந்து இறங்கி கிரைண்டருக்குப் பின்னால் இருந்தது. சார் சமையலறைக்குள் போகும் ஆளில்லை என்பதால் அது அங்கே நிம்மதியாக இருந்தது.

அவர்களுக்கு ஒரே மகள். அவள் பிறந்தபோது, ஊரில் எந்த முட்டாளாலும் தப்பாக எழுத முடியாத பெயராக இருக்க வேண்டும் என்று யோசித்து உமா என்று வைத்தார். இங்கிலீஷில் மூன்றே எழுத்து. அதையும் ரேஷன் கார்டில் இரண்டு ஓ போட்டு எழுதிக் கொண்டுவந்தார்கள். மகள் மேல் அவருக்கு உயிர். அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைவீதி முழுக்க போர்டு படிக்கச் சொல்லிக் கொடுத்தவர், காய்ச்சல் வந்தால் அவள் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தவர், அவளைத் தாரை வார்த்துக் கொடுக்கிற நாளை நினைத்தாலே தனியாக எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுகிறவர். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் உண்மை.

உமா ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்தாள். அங்கே பில்களைச் சாக்குப்பையில் கட்டிக்கொண்டு வருகிற பூபதியை அவளுக்குப் பிடித்துப்போனது. பூபதி பத்தாவதோடு நிறுத்திவிட்டு அப்பா நாச்சிமுத்துவின் போர்வெல் வண்டியில் ஏறியவன்; வடக்கே அவன் போகாத மாநிலம் இல்லை, எங்கே போனாலும் அந்த ஊர் பாஷையில் சண்டை போடவும் சாப்பாடு கேட்கவும் கற்றுக்கொண்டு வந்தவன். வசதி இருந்தது, சாதி சனம் ஒத்துப்போனது, குலமும் முறையாக இருந்தது. வேண்டாம் என்று சொல்ல சாருக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை, அந்தக் குடும்பத்து வண்டிகளின் பின்னால் எழுதியிருந்த இங்கிலீஷைத் தவிர.

பெண் பார்க்க வந்த அன்று நாச்சிமுத்து தொழிலைப் பற்றிப் பேசினார். நூறு அடியில் பாறை வந்தாலும் பாயிண்ட் சரியாகப் பார்த்துவிட்டால் பயமில்லை என்றார். சார் ஒரு முறுக்கை ஒடித்துக்கொண்டே, பாயிண்ட் என்றால் பேச்சில் வருகிற கருத்து, பென்சிலுக்கு இருக்கிற கூர், உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்த்துக் குறிக்கிற இடத்துக்கு அந்தப் பெயர் கிடையாது என்றார்.

நாச்சிமுத்து கொஞ்சங்கூடக் கோபப்படவில்லை. "இருக்குமுங்க சம்மந்தி. உங்க பாயிண்ட்டுல தண்ணி வருமுங்களா?" என்றார்.

சம்பூர்ணம் சிரிப்பை அடக்கச் சமையலறைக்குள் போனாள். சாருக்கு அந்தச் சிரிப்பின் சத்தம் கேட்டுவிட்டது. அந்தச் சமயம் பார்த்து பூபதி எழுந்து, இரண்டு கையாலும் மரியாதையாகத் தன் விசிட்டிங் கார்டை நீட்டினான். மாப்பிள்ளையாக வரப்போகிறவன், பெண்ணைப் பெற்றவரிடம், உறவினர்கள் முன்னால் நீட்டிய கார்டு. சார் அதை வாங்கிப் பார்த்தார், சட்டைப் பைக்குக் கை போனது, சிவப்புப் பேனா வந்தது, மேலிருந்து கீழே வரிசையாக அடித்துத் திருப்பிக் கொடுத்தார். அடிபட்ட எழுத்துகள் கார்டின் விளிம்புக்கு வந்து, எங்கே போவது என்று தெரியாமல் தயங்கின. பூபதி உள்ளங்கையை அடியில் கொடுத்து ஒவ்வொன்றாக வாங்கித் தன் சட்டைப் பையில் விட்டுக்கொண்டான்.

"இருக்கட்டுமுங்க. வண்டியில நெறைய எடம் இருக்குது" என்றான்.

காப்பித் தம்ளர்களை எடுக்க வந்த உமா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் மனதில் அதுவரைக்கும் ஏதாவது தடுமாற்றம் இருந்திருந்தால் அந்த நிமிஷத்தோடு அது போய்விட்டது.

நல்ல வேளையாக நாச்சிமுத்து சம்பந்தத்தை முறிக்கவில்லை. பாறைக்குப் பயப்படாத மனிதர் வாத்தியாருக்கா பயப்படப் போகிறார். உறுதி வார்த்தை பேசி, நாள் குறித்தார்கள். அன்று மாலை உமா அப்பாவுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். பெண் பேச வேண்டியதைப் பேசினாள்.

"அப்பா, பத்திரிகையில இங்கிலீஷ் பக்கத்தை அவருதான் எழுதறாருங்க. வழக்கப்படி உங்ககிட்டத்தான் வரும். நீங்க அதை அடிக்காம குடுக்கோணும். அப்படிக் குடுத்தீங்கன்னா நம்ம வாசல்ல பந்தல், நீங்கதான் தாரை வார்க்கறீங்க. அடிச்சீங்கன்னா கல்யாணம் அவங்க மண்டபத்துல. செங்கோடு மாமன் தாரை வார்க்கும். ஊர்ல எல்லாரும் பத்திரிகை வாங்கிட்டு வர்ற மாதிரி நீங்களும் வாங்க."

தப்பாக இருந்தால்கூடவா என்று கேட்டார் சார். தப்பாகத்தான் இருக்கும், அதனால்தான் சொல்கிறேன் என்றாள். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு அப்பாவிடம் இப்படிப் பேசலாமா என்று அவர் கேட்டார். சின்ன விஷயந்தானே, அப்படியானால் விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.

உமாவின் பேச்சு ஊருக்குள் பரவ ஒரு பொழுது போதுமானதாக இருந்தது. ஊஞ்சப்பாளையம் ரொம்ப நாளைக்குப் பிறகு வேலைக்குப் போகாமல் விவாதித்தது. அப்பன் மகளைவிட எழுத்தைப் பெரிதாக நினைப்பானா என்றார்கள் சிலர். நீ அவரிடம் படித்ததில்லை, அதனால் அப்படிக் கேட்கிறாய் என்றார்கள் மற்றவர்கள். பத்திரிகை வருகிற அன்று காலையில் கேட்டுக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. அவரிடம் அடி வாங்கிய ஒவ்வொருவரும் வந்திருந்தார்கள், அவரவர் எழுத்துகளும் கூடவே வந்திருந்தன. சின்னவை மதில் மேல் ஏறி வரிசையாக உட்கார்ந்தன. நிழலுக்காகச் சிலர் பெரிய எழுத்துகளுக்கு அடியில் குந்திக்கொண்டார்கள்.

அச்சாபீஸ்காரர் புரூஃப் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். சார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தமிழ்ப் பக்கத்தைப் படித்தார், அதில் ஒன்றும் இல்லை. திருப்பினார். பூபதி தன் கையால் எழுதிக் கொடுத்தது அப்படியே அச்சில் நின்றது. மேரேஜில் ஐயும் ஏயும் இடம் மாறி நின்றன. ரிசெப்ஷனில் ஓர் எழுத்தைக் காணோம், பிளெஸ்ஸிங்கில் அந்தக் குறையைத் தீர்க்க ஒன்று அதிகமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே அழைப்பவர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது, பெயருக்குப் பின்னால் அவர் வாங்கிய பட்டங்கள் இருந்தன.

அவர் பேனாவைத் தொடவில்லை. தொடாமல் வெகுநேரம் இருந்தார், வெளியே இருந்தவர்கள்கூட அவருக்காகக் கொஞ்சம் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். தன் வாசலில் வாழைமரம் கட்டியிருப்பதையும், மகள் கையைத் தன் கையில் ஏந்தித் தண்ணீர் விடுவதையும் அவர் பார்த்தார். அது அவருக்கு வேண்டியிருந்தது, வேறு எதையும்விட வேண்டியிருந்தது. சம்பூர்ணம் ஈரக் கையோடு சமையலறையிலிருந்து வந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அவள் முந்தானை மடிப்பில் அந்தப் பழைய ஈ உட்கார்ந்திருந்தது.

"தப்பாவே இருந்துட்டுப் போகுதுங்க. நம்ம புள்ள கல்யாணமுங்க" என்றாள்.

அவள் சொன்னது சரி என்று அவருக்குத் தெரிந்தது. தலையைத் தூக்கி ஆகட்டும் என்று சொல்லத்தான் நினைத்தார். தூக்கியபோது கேட்டுக்கு வெளியே மாரப்பன் நின்றார், லாட்ஜ்காரர் நின்றார், முப்பது வருஷமாக அவரிடம் தாளை நீட்டி முகம் சுண்டிப்போனவர்கள் அத்தனை பேரும் நின்றார்கள். இந்தத் தாள் நாளைக்கு இவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போகும், அதில் தன் பெயர் இருக்கும், இவர்கள் விரலை வைத்துக் காட்டிச் சிரிப்பார்கள். உண்மையில் அப்படி யாரும் சிரிக்கப் போவதில்லை. அவர்கள் முகத்தில் சிரிப்பின் அறிகுறியே இல்லை, அந்த மனிதர்களில் பாதிப் பேருக்குத் தாளில் தப்பு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஆனால் ஆயுள் முழுக்க மற்றவர்களை இளக்காரமாகப் பார்த்த கண்ணுக்கு எல்லா முகத்திலும் இளக்காரந்தான் தெரியும். தானும் அவர்களில் ஒருவனாகிவிடுவோம் என்ற பயம், மகளைவிடப் பெரிதாக எழுந்து வந்து முன்னால் நின்றது.

அடித்தார். ஐயை அடித்தார், ஏயை அடித்தார், பிறகு கை நிற்கவில்லை. கடைசி எழுத்து வரைக்கும் போய், நிறுத்தி, பேனாவை மூடியபோது பல மாதங்களாக இல்லாத ஒரு நிம்மதி அவருக்கு இருந்தது. தாளிலிருந்து நிமிர்ந்து மகளைப் பார்க்கிற வரைக்கும் அது இருந்தது.

உமா அழவில்லை. குனிந்து, மேசையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த எழுத்துகளைத் துப்பட்டா நுனியில் வாரிக்கொண்டாள். தாளையும் எடுத்து மடித்துக்கொண்டாள். சம்பூர்ணம் உள்ளே போய் ஒரு பையில் இரண்டு சேலையைப் போட்டுக்கொண்டு வந்து மகளோடு நடந்தாள். கேட்டில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். இவ்வளவு நாள் அவர் வாயிலிருந்து அவமானம் வாங்கிக்கொண்டவர்கள், அன்றைக்கு அவரைத் திருப்பி அவமானப்படுத்த எல்லா வசதியும் இருந்தும், அவர் பக்கம் பார்க்காமலே கலைந்து போனார்கள். அதற்குப் பிறகு யாரும் அந்த கேட்டுக்கு முன்னால் தாளோடு வந்து நிற்கவில்லை. இங்கிலீஷ் அது பாட்டுக்குத் தன் வழியில் போய்க்கொண்டிருந்தது.

முறைப்படி அழைக்க நாச்சிமுத்துவே மனைவியோடு தாம்பூலத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் ஒரு குத்தலும் பேசவில்லை, அவசியம் வரோணுங்க என்று மூன்று முறை சொன்னார், மஞ்சள் தடவிய பத்திரிகையைத் தட்டோடு கொடுத்தார். வேறு ஊரில் அச்சடித்தது. அடிபட்ட எழுத்துகள் எல்லாம் அதில் தங்கள் பழைய இடத்திலேயே ஏறி உட்கார்ந்திருந்தன. அழைப்பவர் இடத்தில் செங்கோடு மாமனின் பெயர் இருந்தது, பட்டம் எதுவும் இல்லாமல்.

கல்யாணத்தன்று சார் டவுன் பஸ் பிடித்துத் தனியாகப் போனார். மண்டப வாசலில் பன்னீர் தெளித்த பெண் அவரை யாரென்று தெரியாமல் சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். மணமேடையைச் சுற்றி மாப்பிள்ளை வீட்டார் ஜமக்காளம் விரித்து ஊர் எழுத்துகளையெல்லாம் உட்காரவைத்திருந்தார்கள், வண்டி வைத்து அழைத்து வந்திருந்தார்கள் போலிருக்கிறது. அவர் நடு வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் நீங்கள் பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று கேட்டார், அவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மேடையில் மைத்துனன் செங்கோடு உமாவின் கையின் மேல் தண்ணீர் விட்டான். சம்பூர்ணம் அழுதாள். சார் தன் இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்திருந்தார், அவை அன்றைக்கு எந்த வேலைக்கும் தேவைப்படவில்லை.

பந்தியில் உட்கார்ந்தார். மணமக்கள் இலை இலையாக வந்து விருந்தாளிகளை உபசரிப்பது அந்தப் பக்கத்து வழக்கம். மாலையோடு அவர்கள் வரிசையின் தொடக்கத்தில் தெரிந்தபோதே அவர் சோறு பிசைவதை நிறுத்திவிட்டார். மகள் அருகில் வந்ததும் சொல்ல வேண்டியதை இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தார். என்னை மன்னித்துவிடு என்பதுதான் அது, மற்றவர்கள் காதில் விழுந்தாலும் பரவாயில்லை என்று முடிவு செய்திருந்தார். உமா அவர் இலைக்கு முன்னால் வந்து நின்றாள். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் கை கூப்பிவிட்டாள். முகம் மலர்ந்து, எல்லாரிடமும் எப்படிப் பேசினாளோ அப்படியே பேசினாள்.

"வந்தது ரொம்ப சந்தோஷமுங்க சார். இருந்து வயிறாரச் சாப்பிட்டுட்டுத்தான் போகோணும்."

சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய், அங்கே உட்கார்ந்திருந்த யாரோ ஒரு லாரி ஓனரிடமும் அதையே சொன்னாள். சென்னிமலை சார் அந்த வாக்கியத்தை முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பார்த்தார். அடிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.